வாத்துக் கழுத்து

என் வாத்துகள் வலப்பக்கம்தான் பார்க்கும். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நான் வலக்கைக்காரி. கட்டையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, கத்தியைக் கட்டைவிரலை நோக்கி இழுத்து இழுத்துச் சீவும்போது தலை தானாகவே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. பதினாறு வருடமாக மர வாத்து செதுக்குகிறேன். உடம்பும் தலையும் ஒரே கட்டை. தலையைத் தனியாகச் செய்து பசை போட்டு ஒட்டுகிற வேலையெல்லாம் என்னிடம் கிடையாது. அலமாரியில் வைத்தால் இப்போதுதான் யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்ததுபோல நிற்கும். வாங்கியவர்கள் அப்படிச் சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். அடக்கம் என்பது வேலை தெரியாதவர்களுக்கு வேண்டிய குணம் என்பது என் கட்சி.

என் ஓரகத்தியின் வாத்துகள் இடப்பக்கம் பார்க்கும். அவள் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி, இடக்கைக்காரி. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் என் பட்டறைக்குள் வந்தாள், கேட்காமலேயே ஒரு கத்தியை எடுத்தாள், கேட்காமலேயே ஒரு கட்டையை எடுத்தாள். நான் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை; பிறந்த வீட்டில் மரக்கரண்டி செதுக்கிய கை அது. சாயங்காலம் அவள் வைத்துவிட்டுப் போன வாத்தை என் வாத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் பத்து வருடம் ஆண்டுச் சந்தையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசைதான். ஜோடி வாத்து என்றால் அங்கே தனி மவுசு. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குக் கொடுக்க, வாசல் மாடத்தில் வைக்க, கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் மனைவியைச் சமாதானப்படுத்த என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் பேசமாட்டாள், நான் பேசுவேன். அவள் சுற்றிக் கட்டுவாள், நான் விற்பேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான் அந்தக் கத்தியை எடுக்கும்வரை.

அது போன வருடத்துக்கு முந்தின வருடம். சந்தைக்கு ஒரு வாரம் இருந்தது. அவள் வார்னிஷ் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய வாத்துகள் பன்னிரண்டு, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, பலகையில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் தாடைக்குக் கீழே, கழுத்து திரும்புகிற இடத்தில், கொஞ்சம் தடிப்பு. எனக்கு அது பல நாளாகவே கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. "இது என்னடி, வாத்துக்குக் கழலை வந்த மாதிரி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இருக்கட்டும்க்கா" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. கேட்டால் காரணம் சொல்கிற பழக்கமே அவளுக்கு இல்லை.

அன்றைக்கு என் கை சும்மா இருக்கவில்லை. அரை மணி நேரத்தில் பன்னிரண்டு கழுத்தையும் சீவி, மறுபடி உப்புத்தாள் போட்டு, என் வாத்தின் கழுத்தைப் போலவே ஒல்லியாக்கி வைத்துவிட்டேன். உபகாரம் செய்வதாகத்தான் நினைத்தேன். எங்கள் தொழிலில் அடுத்தவர் கத்தியைக் கடன் வாங்கலாம், அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடலாம். ஒருவர் தேய்த்து முடித்துப் பலகையில் வைத்துவிட்ட பொருளின் மேல் இன்னொருவர் கத்தி படக்கூடாது. இது எனக்குத் தெரியாதா? என் வாத்துமேல் யாராவது அப்படிக் கை வைத்திருந்தால் அவரைச் சந்தை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பேன்.

வந்தாள். வார்னிஷ் டப்பாவைக் கீழே வைத்தாள். ஒரு வாத்தை எடுத்துக் கழுத்தில் கட்டைவிரலை ஓட்டினாள்.

"யார் பண்ணது?"

"நான்தான். இப்பப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு."

அவள் வாத்தைத் திரும்ப வைத்தாள். தன் கத்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுருட்டினாள்.

"ஏண்டி, இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கிக்கற?"

"உங்க வாத்து பூரா உங்ககிட்டயே இருக்கட்டும். இந்தப் பன்னெண்டும் இனிமே உங்களுதுதான்."

அவ்வளவுதான். சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மறுநாள் சரியாகியிருக்கும். இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அடுத்த தெருவில் தன் வீட்டுப் பின்கட்டில் பட்டறை போட்டுக்கொண்டாள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அண்ணனும் தம்பியும் வழக்கம்போல ஒன்றாகவே சுற்றினார்கள். சந்தைக்கு ஒரே வேனில் எங்கள் இருவர் சரக்கையும் ஏற்றிக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் வேறு வேறு பஸ்ஸில் போனோம்.

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, நான் வரவிடவில்லை என்பதுதான் சரி.

அந்த வருடம் அந்தப் பன்னிரண்டையும் வைத்தே ஜோடி சேர்த்து ஒப்பேற்றிவிட்டேன். போன வருடச் சந்தையில்தான் எனக்கு உறைத்தது. மேசை நிறைய வாத்து, எல்லாம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு. ஒருவர் வந்தார்.

"ஜோடி இல்லையா?"

"இருக்கே. இதோ, ரெண்டு."

"ரெண்டும் ஒரே பக்கம் பாக்குதே. சண்டையா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நாலு கடை தள்ளி அவள் மேசையிலும் அதே கதைதான், இடப்பக்கம் பார்த்துக்கொண்டு. ஜோடி வேண்டும் என்றவர்கள் என்னிடம் ஒன்று, அவளிடம் ஒன்று என்று வாங்கிக்கொண்டு போனார்கள். பட்டணத்தில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் அம்மாவும் அப்படித்தான் இரண்டு கடைக்கும் நடந்து நடந்து இருபது ஜோடி சேர்த்தார். கடைசியில் என் மேசையில் கையூன்றி மூச்சு வாங்கினார்.

"அடுத்த வருஷம் ரெண்டு பக்கமும் பாக்கற மாதிரி ஒரே கடைல இருந்தா, வருஷம் முழுக்க அங்கதான் வாங்குவேன். மாசாமாசம் இருபத்தஞ்சு ஜோடி. அந்தக் கடைக்கும் போய்ச் சொல்லிட்டேன். யார்கிட்ட இருக்கோ அவங்களுக்கு."

வருடம் முழுக்க வேலை. சந்தையில் வெயிலில் நின்று தொண்டை வற்றக் கூவ வேண்டாம். யாரும் இரண்டும் சண்டையா என்று கேட்கமாட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன்: இடப்பக்கம் பார்க்கும் வாத்தை நானே செய்கிறேன். அது என்ன பெரிய வித்தை? தலையை அந்தப் பக்கம் திருப்பினால் போயிற்று.

போகவில்லை. முதல் வாத்து பாதியிலேயே வலப்பக்கம் திரும்பிக்கொண்டது. இரண்டாவது இரண்டு பக்கமும் இல்லாமல் முகட்டைப் பார்த்தது. மூன்றாவதிலிருந்து தலை சரியாகத் திரும்பியது, ஆனால் கழுத்து கையோடு வந்தது. கத்தி மரத்தின் நாருக்கு எதிராகப் போகிறது என்பது தெரிந்தது; எப்படிப் பிடித்தாலும் அப்படித்தான் போனது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து செதுக்கிப் பார்த்தேன், விரலைத்தான் வெட்டிக்கொண்டேன். பட்டறைத் தரையில் தலை வேறு உடம்பு வேறாகப் பத்தொன்பது வாத்துகள் கிடந்தன.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். பழுது என்றால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

"பேசாம அவகிட்டயே கேட்டுடேன்."

"என் வாத்து யார் தயவுலயும் நிக்கல."

"நிக்கலதான். எல்லாம் படுத்துக் கிடக்கே."

அவர் மேல் உப்புத்தாளை விட்டெறிந்தேன். அவர் அதைப் பொறுக்கி மேசைமேல் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

சந்தையில் எப்போதும் என் பக்கத்துக் கடை கூடைக்காரருடையது. அவர் ஊர் ஊராகப் போகிறவர். அவரைப் பிடித்து, அவள் வாத்து ஒன்றை வாங்கிவரச் சொன்னேன். எனக்கு என்று சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. மறுவாரம் கூடைக்குள் வைக்கோலுக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுவந்தார், கடத்தல் சரக்கு மாதிரி.

அதை என் வேலைப் பலகையில் வைத்து உட்கார்ந்தேன். இடப்பக்கம் பார்த்தது. தாடைக்குக் கீழே அதே தடிப்பு. கழலை. சரி, சீவிவிட்டுப் பார்ப்போம் என்று கத்தியை எடுத்தேன். பன்னிரண்டு கழுத்தைச் சீவினபோது நிற்காத கை அன்றைக்கு நின்றுவிட்டது. கத்தியை வைத்துவிட்டு விரலை ஓட்டினேன், அவள் ஓட்டியதுபோலவே.

கட்டையில் நார் வாலிலிருந்து மார்புவரை படுத்தவாக்கில் ஓடுகிறது. கழுத்து மேலே எழும் இடத்தில் அது குறுக்கே வெட்டுப்படுகிறது. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள அங்கே நீளமான நார் இல்லை. கழுத்தை எவ்வளவு ஒல்லியாக்குகிறோமோ அவ்வளவுக்கு அது பிஸ்கட்டைப் போல ஒடியக் காத்திருக்கிறது. அவளுடைய தடிப்பு சரியாக அந்த இடத்தில் இருந்தது, ஒரு விரற்கடை மேலும் இல்லை, கீழும் இல்லை. எழுந்துபோய் முன்பக்கமாக நின்று பார்த்தேன், வாங்குகிறவர் நிற்பதுபோல. தடிப்பே தெரியவில்லை. பத்து வருடம் நான் அவளுக்குப் பக்கவாட்டில், ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மட்டும்தான் அது கழலை.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. யாரும் இல்லாத பட்டறையில் வெட்கப்படுவது கொடுமை; வெட்கத்தை எங்கேயும் திருப்பிவிட முடியாது. அன்று முழுவதும் நான் எதையும் செதுக்கவில்லை. எழுந்து அடுத்த தெருவுக்கு நடந்திருக்கலாம், முந்நூறு அடிகூட இருக்காது. நான் என்ன செய்தேன்? மறுநாள் அந்தத் தடிப்பை என் வாத்துக்கு வைத்தேன். கழுத்து நின்றது. இடப்பக்கம் பார்த்த என் முதல் வாத்து அது. பிறகு வலப்பக்கம் பார்ப்பதற்கும் அதையே வைத்தேன். கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டேன், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் நாற்பது ஜோடி தயார். பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இந்த வருடச் சந்தைக்கு நான் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். முந்தின நாள் மழை. கடைகளுக்கு நடுவே சேற்றில் மரத்தூள் கொட்டியிருந்தார்கள். சந்தைக் குழு வரிசைகளை மாற்றிப் போட்டதில் எனக்கும் கூடைக்காரருக்கும் வடக்கு வரிசை, அவளுக்கு எனக்கு நேர் எதிரே. நல்லது என்று நினைத்தேன். நேருக்கு நேர் பார்க்கட்டும்.

மேசையில் துணி விரித்து ஜோடி ஜோடியாக அடுக்கினேன். ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம், மூக்கும் மூக்கும் இடிக்காத குறை. நிமிர்ந்தேன். எதிரே அவள் கித்தானைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேசையிலும் ஜோடி ஜோடியாக வாத்து.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் கடையில் கூடைக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"யோவ்."

"மழை வரும்போல இருக்கு."

"அவளுக்கும் நீதான் வாங்கிக் குடுத்தியா?"

"நீங்க மட்டுந்தான் ஆள் அனுப்புவீங்களா? உங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. நான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணல."

அவர் தங்கை வீட்டுக்கு என்று சொல்லி என்னிடம் ஒரு வாத்து வாங்கிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவரைத் திட்ட வாயெடுத்தவள், எதிர் மேசையைச் சரியாகப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

அவளுடைய வாத்துகளுக்குக் கழுத்து ஒல்லியாக இருந்தது. இரண்டு பக்கம் பார்ப்பதற்கும். தாடைக்குக் கீழே தடிப்பு இல்லை; ஒரே வளைவு, வழுக்கிக்கொண்டு போவது மாதிரி. என்னுடைய பழைய கழுத்து அது, ஆனால் நான் செய்ததைவிட அழகாக இருந்தது. பதினாறு வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட அப்படி வந்ததில்லை; இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். கழலை கழலை என்று நான் குத்திக் காட்டியது அவளுக்குள் இறங்கி, இத்தனை நாள் வேலை செய்திருக்கிறது. இத்தனை அழகும் பட்டணத்துச் சாலையின் முதல் பள்ளத்திலேயே ஒடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துதானே இருக்கும். தெரிந்தே செய்திருக்கிறாள்.

பத்து மணிக்குப் பரிசுக்கடை அம்மா வந்தார். கையில் குடை, அக்குளில் பை. இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று அந்தப் பக்கம் ஒரு பார்வை, இந்தப் பக்கம் ஒரு பார்வை. நேராக என்னிடம் வந்தார். ஒரு வாத்தை எடுத்தார். கழுத்தைப் பிடித்து ஆட்டினார், நன்றாகவே ஆட்டினார். வாத்து அசையவில்லை.

"அப்பாடா! இதான் வேணும். போன வருஷம் என்ன ஆச்சு தெரியுமா? ஜோடியாப் பெட்டில போட்டு வித்தேன், பாதி திரும்பி வந்துருச்சு. கல்யாணப் பரிசும்மா! பெட்டியத் திறந்தா மாப்பிள்ளைக்குத் தலை இல்ல."

"அய்யய்யோ."

"எல்லாம் அந்த ஒல்லிக் கழுத்து வாத்துதான். தடிச்ச கழுத்து ஒண்ணுகூட உடையல. அப்பவே நினைச்சுக்கிட்டேன், இனிமே தடிச்ச கழுத்துக்காரிகிட்டதான் வாங்கணும்னு. எனக்கு மூஞ்சி ஞாபகம் நிக்காது, சரக்கு நிக்கும். நீங்கதானே அது?"

நான் பதில் சொல்வதற்குள் குடையால் எதிர்ப்பக்கம் காட்டினார்.

"அவங்கதான் அந்த ஒல்லிக் கழுத்துபோல. இந்த வருஷமும் அதையேதான் வெச்சிருக்காங்க பாருங்க. திருந்தவே இல்ல. என் கடைப்பக்கம் வர்ற நாலு வியாபாரிகிட்டயும் சொல்லத்தான் போறேன்."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். பொய்கூட இல்லை. மேசையில் இருந்தவை தடித்த கழுத்து வாத்துகள்தான், என் கையால் செய்தவைதான். என் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது; நிற்கவில்லை என்று சொன்னால் அது பொய். மாதாமாதம் இருபத்தைந்து ஜோடி. எதிரே அவள் எங்கள் பக்கம் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, ஏற்கெனவே நேராக இருந்த மேசைத்துணியை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். உடைந்ததெல்லாம் என் கழுத்து. பழி அவள் தலையில். நிலைத்ததெல்லாம் அவள் கழுத்து. பேர் என் தலையில். அவள் இப்போது ஒல்லிக் கழுத்துடன் அங்கே நிற்பதும் என் வாயால்தான்.

எனக்கு அவள் பக்கத்தில் இல்லாமல் இரண்டு வருடமாக எதுவும் ருசிக்கவில்லை. இதையும் அந்த நிமிடத்தில்தான் எனக்கு நானே ஒப்புக்கொண்டேன்.

"அது நான் இல்லம்மா," என்றேன்.

"எது?"

"ஒடிஞ்சதெல்லாம் என்னோடது. ஒடியாதது அவளோடது. இந்தக் கழுத்த அவ வாத்தப் பாத்துத்தான் நான் வெச்சேன்."

பரிசுக்கடை அம்மா கையில் இருந்த வாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ அவங்க ஏன் இப்ப ஒல்லியா..."

"என்னாலதான். கொஞ்சம் இருங்க."

என் குரல் சந்தையில் பேர்போனது. இரண்டு வரிசை தாண்டிக் கேட்கும். "ஏய்! கொஞ்சம் இங்க வா!" என்றேன். தேன் விற்பவர் புட்டியோடு திரும்பினார். கூடைக்காரர் எழுந்து நின்றார். அவள் சண்டைக்கு வருகிறவள் போலத்தான் வந்தாள், கையைத் துடைத்துக்கொண்டு, சேற்றில் மெதுவாகக் கால் வைத்து. கடைக்கு வெளியிலேயே நின்றாள். நிழலுக்குள் வரவில்லை.

"சொல்லுங்க."

மனதுக்குள் நிறையப் பேசி வைத்திருந்தேன். நார், தடிப்பு, பக்கவாட்டு என்று ஒரு பிரசங்கமே இருந்தது. எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"உன் வாத்து மேல நான் கத்தி வெச்சது தப்பு."

அவள் கையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"கழலைன்னு சொன்னதும் தப்பு. எனக்கு ஒரு மண்ணும் தெரியல. உனக்குத்தான் தெரிஞ்சிருந்தது."

"சரியாக் கேக்கல."

தொண்டையைச் செருமிக்கொண்டு சந்தை முழுக்கக் கேட்கும்படி மறுபடி சொன்னேன். தெற்கு வரிசைக் கோடியில் பொம்மை விற்பவர்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் காது இரண்டும் எரிந்தன.

"கேட்டுச்சு," என்றாள். "மொதல் தடவையே கேட்டுச்சு."

அவள் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது. மேசையிலிருந்து என் வாத்து ஒன்றை எடுத்து, கழுத்தில் கட்டைவிரலை ஓட்டினாள்.

"இன்னும் அரைக்கால் விரல் மேல வந்திருக்கணும்."

"வரும்."

"எத்தன உடைச்சீங்க?"

"பத்தொம்பது."

"நான் முப்பத்தி ரெண்டு," என்றாள். "இந்த ஒல்லிக் கழுத்து நிக்கறதுக்குள்ள. எரிச்சல்ல உங்களத் திட்டிக்கிட்டேதான் செதுக்கினேன்."

"நல்லா வந்திருக்குடி. என்னோடதவிட நல்லா வந்திருக்கு."

"தெரியும்," என்றாள்.

பரிசுக்கடை அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க குடும்பக் கதை எல்லாம் சரி. ஆர்டர் யாருக்கும்மா? தடிச்ச கழுத்து, ரெண்டு பக்கமும் பாக்கணும், ஒரே கடை."

"ஒரே கடைதான்," என்றேன் நான், அவளைப் பார்த்து. "நீ வலப்பக்கம் செஞ்சாலும் சரி, இடப்பக்கம் செஞ்சாலும் சரி. நீயில்லாம என்னால செய்ய முடியாதுன்னு கூப்பிடல. என்னால முடியும், பாத்தியில்ல? முடிஞ்சும் கூப்பிடறேன். வா, வந்து இங்க உக்காரு."

அவள் என் மேசையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"உங்க கடைக்கு நான் வர்றதா இல்ல."

எனக்குப் பகீரென்றது.

"நீங்க வாங்க," என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி, வந்ததுபோலவே மெதுவாகச் சேற்றைத் தாண்டித் தன் கடைக்குப் போய்விட்டாள்.

பரிசுக்கடை அம்மா என்னைப் பார்த்தார். கூடைக்காரர் என்னைப் பார்த்தார். வேன் பக்கமிருந்து என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் கையில் டீயோடு ஓடிவந்து, அப்படியே நின்று என்னைப் பார்த்தார்கள். பதினாறு வருடம் நான் எந்தக் கடைக்கும் போனதில்லை. எல்லாரும் என் கடைக்குத்தான் வந்திருக்கிறார்கள். எதிர் வரிசை பன்னிரண்டு அடி தூரம் இருக்கும்.

நாற்பது ஜோடியையும் இரண்டு பெட்டிகளில் அடுக்கினேன். வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன். ஒரு பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்றே நடுவழியாக நடந்தேன். தலை குனிந்து போகிற காரியம் இல்லை இது. செருப்பில் சேறு அப்பியது. பின்னாலேயே பரிசுக்கடை அம்மா குடையை ஊன்றிக்கொண்டு வந்தார்.

அவள் தன் ஒல்லிக் கழுத்து வாத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைக்கு அடியில் இருந்த கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள். பாதி மேசை காலியாகியிருந்தது. நான் பெட்டியோடு நின்றேன். கை கனத்தது. என் வாழ்க்கையில் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"இங்க வெக்கலாமா?"

அவள் துணியை ஒருமுறை உதறி விரித்தாள்.

"வெய்யிங்க. கழுத்தத் தொடாம வெய்யிங்க."